கிளெமின் இடது பக்கம்

தேநீர் மேசை நொறுங்கியபோது நல்லவேளையாக அதில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அன்று முழுக்க எல்லோரும் இதையே சொல்லிச் சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டார்கள். சற்று முன்புவரை சமையல் குழுப் பெண்கள் நான்கு பேர் அதே மேசையில்தான் ஸ்கோன் ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்தார்கள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஐம்பது டன் டாங்கிக்கு ஒரு மர மேசை எம்மாத்திரம். இடது பக்கச் சங்கிலிப் பட்டை மேசைமேல் ஏறி, வெந்நீர்ப் பாத்திரத்தை அப்பளமாக நசுக்கி, கொட்டகையின் தகரச் சுவரைத் தொடுகிற தூரத்தில் போய் நின்றது. ஓட்டுநர் துளையிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்த கிளெம் முதலில் சொன்னது இதுதான்:

“மிதிச்சேன்பா. பிரேக் பிடிக்கல.”

அவ்வளவுதான். அங்கிருந்த அத்தனை தலைகளும் பிரென்டன் பக்கம் திரும்பின. அந்த பிரேக்கைப் பிரித்துப் பூட்டியவன் அவன். கையிலிருந்த பாதி கடித்த சாசேஜ் ரொட்டியை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான், பாவம்.

டாங்கிக்கு முன்னால் நின்ற நெரிடா மட்டும் பிரென்டனைப் பார்க்கவில்லை. அவள் தன் கணவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நிற்கச் சொல்லித் தூக்கிய கையை இறக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

கெரபின் ஊரின் கோடியில் இருக்கிறது அந்தப் பழைய கோதுமைக் கிடங்கு. வாசலில் ‘கவச வண்டி அருங்காட்சியகம்’ என்று பலகை. சம்பளம் வாங்குகிற ஆள் ஒருவர்கூடக் கிடையாது. ஓய்வுபெற்ற விவசாயிகள், பழைய சிப்பாய்கள், பல் டாக்டர் ஒருவர். வீட்டில் குழாய்க்கு வாஷர் மாற்றச் சொன்னால் முதுகு பிடித்துக்கொள்கிற இந்த ஆண்கள், இங்கே சனிக்கிழமைதோறும் துருப்பிடித்த இரும்புக்கு அடியில் மல்லாந்து கிடப்பார்கள். வருஷக்கணக்காக அப்படிக் கிடந்து அவர்கள் உயிர்கொடுத்த வண்டிதான் இந்த செஞ்சூரியன் டாங்கி. கிளெம் இளவயதில் வியட்நாமில் ஓட்டியது இதே ரகம். அதனால் இது ஓட ஆரம்பித்த நாளிலிருந்து ஓட்டுநர் இருக்கை அவனுடையது. யாரும் அதைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசியதில்லை.

டாங்கி ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் இருப்பது எதுவும் தெரியாது. அதனால் வண்டி ஓரடி நகர வேண்டுமென்றாலும் முன்னால் ஒருவர் நடந்து கையால் வழிகாட்ட வேண்டும் என்பது கொட்டகையின் விதி. கையை உயர்த்தினால் நிற்க வேண்டும். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்தால் இன்ஜினையே அணைத்துவிட வேண்டும். ஏன் எதற்கு என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். வழிகாட்டி கண்ணில் படவில்லை என்றாலும் நிற்க வேண்டும். அந்தக் கைகள்தான் ஓட்டுகிறவனுக்குக் கண்.

கிளெமுக்குக் கண்ணாக இருந்தது நெரிடா. அவனுக்குக் கண் வேண்டியிருந்தது என்பது அவளைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது.

போன குளிர்காலத்தில் ஒருநாள், தட்டின் வலது பாதியில் இருந்ததை மட்டும் தின்றுவிட்டு, “இன்னும் ரெண்டு உருளைக்கிழங்கு வையேன்” என்று கேட்டான் கிளெம். இடது பாதியில் மூன்று உருளைக்கிழங்கு அப்படியே இருந்தன. மூளையில் சின்ன அடைப்பு என்றார் பெண்டிகோ நகரத்து டாக்டர். இரண்டு கண்ணிலுமே இடது பாதிப் பார்வை போய்விட்டது, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். வேகமாக ஓட்டியதற்கு லைசென்ஸை நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று ஊருக்குள் சொல்லிவைத்தார்கள். காரை நெரிடா ஓட்ட ஆரம்பித்தாள். கிளெம் கார் நிறுத்துமிடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எதையும் பார்க்காமல், வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தான். அவனை அப்படிப் பார்க்க அவளால் முடியவில்லை. செத்துப்போயிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று ஒருநாள் நினைத்து, நினைத்ததற்காக அழுதாள்.

பிறகுதான் அந்தப் புத்திசாலித்தனமான காரியத்தைச் செய்தாள். அருங்காட்சியகத் தலைவர் மோரியிடம் போய், வழிகாட்டியாக இருக்கக் கற்றுக்கொடுங்கள் என்றாள். மோரி பழைய சார்ஜென்ட். அவருக்கு ஒரே சந்தோஷம்.

“உனக்கெதுக்கு பயிற்சி? கல்யாணமானதுல இருந்து அதைத்தான செய்யற” என்றார். கொட்டகையே சிரித்தது. கிளெமும் சிரித்தான்.

டாங்கியில் ஓட்டுநர் இருக்கை வலது ஓரத்தில் இருக்கும். எனவே நெரிடா எப்போதும் அவனுடைய வலப்பக்கமாகவே நின்று சைகை காட்டியதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாதக்கணக்கில் ஒரு பிசகும் இல்லை. கெட்டிக்காரி என்று அவளே தன்னை மெச்சிக்கொண்டாள். இப்படி ஒரு ஏற்பாடு வேறு எந்த ஊரில், வேறு யாருக்குத் தோன்றும்? மேசை நொறுங்கிய அந்தச் சனிக்கிழமை, மறுவார ஞாயிற்றுக்கிழமை ஊர்மக்கள் வந்து பார்க்கும் நாளுக்கான ஒத்திகையில், வலப்பக்கம் யாரோ ஒரு டிரெய்லரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். ஒரே ஒரு திருப்பத்தில் அவள் அவனுடைய இடப்பக்கம் போக வேண்டியதாயிற்று. அங்கிருந்துதான் கையைத் தூக்கினாள்.

அடுத்த வாரம் முழுவதும் பிரென்டன் பகலில் பள்ளிப் பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்தான். சாயங்காலமானதும் டாங்கிக்கு அடியில் கிடந்தான். பிரேக்கைக் கழற்றினான், பூட்டினான், மறுபடி கழற்றினான். வண்டியைச் சரிவில் நிறுத்திப் பார்த்தார்கள், அசையவில்லை. புதன்கிழமை நெரிடா எல்லோருக்கும் தேநீர் கொண்டுபோனபோது அவன் மட்டும் தனியாக, ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தான்.

“ஒண்ணுமே இல்ல நெரிடா. எல்லாம் கச்சிதமா இருக்கு” என்றான்.

“இருந்தா நல்லதுதானே.”

“எப்படி நல்லது? பழுது தெரிஞ்சா சரிபண்ணலாம். தெரியலன்னா என் கண்ணுக்குத் தப்பியிருக்குன்னு அர்த்தம். கிளெம் பொய்யா சொல்லுவாரு?”

நெரிடா தேநீரில் சர்க்கரையைக் கலக்கினாள். அவன் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை என்பது கலக்கி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

“பணிமனைல ரெண்டு அம்மாங்க வந்து கேட்டிருக்காங்க, எங்க புள்ளைங்க பஸ்சையும் அவன்தான் பாக்குறானான்னு” என்றான் பிரென்டன். “முதலாளி தப்பா ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நாளைக்கு பிரேக் வேலைய வேற ஆள் பாக்கட்டும், நீ ஆயில் மாத்துன்னாரு. அது நியாயந்தான். நானா இருந்தாலும் அதான் சொல்லியிருப்பேன்.”

“நீ ஏதும் தப்பு பண்ணியிருக்க மாட்ட.”

“நீ நல்லவ, அப்படித்தான் சொல்லுவ. ஞாயித்துக்கிழமை முடிஞ்சதும் மோரிகிட்ட கொட்டகை சாவியக் குடுத்துட்டு விலகிடுறேன். அந்தப் பொம்பளைங்க அங்க உக்காந்திருந்தா என்ன ஆயிருக்கும்? தூக்கமே வரமாட்டேங்குது.”

நல்லவளாம். நெரிடாவுக்கு அங்கேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது. வாயைத் திறந்தாள். திறந்த வாயால், பிஸ்கட் எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

சனிக்கிழமை ராச்சாப்பாட்டுக்கு ஆட்டு இறைச்சி வறுத்தாள். எல்லாவற்றையும் தட்டின் வலது பக்கமாகவே வைத்து நீட்டினாள். கிளெம் உற்சாகமாக இருந்தான். மறுநாளுக்காக பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு வாசலில் வைத்திருந்தான்.

“அன்னிக்கு நான் கையத் தூக்குனத நீ பாத்தியா கிளெம்?” என்று கேட்டாள்.

“பாத்தேனே. நீ தூக்குன, நான் மிதிச்சேன், பிடிக்கல. எத்தனை தடவ சொல்றது.”

“நான் எங்க நின்னேன்?”

“எப்பவும் நிக்கற இடத்துலதான்.”

“இல்ல. நான் உன் இடது பக்கம் இருந்தேன்.”

கிளெம் இறைச்சியை வெட்டுவதை நிறுத்தவில்லை. “எங்க இருந்தா என்ன, பாத்தேன்னு சொல்றேன்ல. டாக்டர் பேச்சக் கேட்டுட்டு நீயும் ஆரம்பிக்காத. அவரு ஏதோ விளக்கக் காட்டிப் பாத்தாரு. எனக்கு எல்லாம் தெரியுது.”

“பிரென்டன் வேல போயிடும் போல இருக்கு.”

“எனக்கு மட்டும் அதுல சந்தோஷமா? அவன் சின்னப் பையன் இல்ல, பிரேக்க ஒழுங்கா பூட்டியிருக்கணும்.” பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னான்: “எனக்குன்னு இது ஒண்ணுதான் மிச்சம், நெரி. இத எடுத்துராத.”

அவளுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷன், கண்ணைப் பார்த்து இப்படிக் கூசாமல் பொய் சொல்வான் என்று அவள் நினைத்ததே இல்லை. இன்னொருவன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு இவனால் எப்படி இறைச்சி தின்ன முடிகிறது? பாத்திரங்களைத் தடதடவென்று கழுவினாள். அவனை வெறுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவனுக்கு மாத்திரையும் தண்ணீரும் எடுத்துவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. சுற்றுவட்டார ஊர்களிலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். சாசேஜ் சுடுகிற புகையும் வெங்காய மணமும் மைதானம் முழுக்கப் பரவியிருந்தன. டாங்கி ஓடுகிற பாதை ஓரமாகக் கயிறு கட்டியிருந்தது. குள்ளப் பிள்ளைகளுக்கு மறைக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரையும் கயிற்றுக்கு முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார் மோரி. டாங்கிக்கு இடப்பக்கம்.

நெரிடா மோரியிடம் போனாள்.

“கயித்த அந்தப் பக்கம் கட்டலாமே மோரி.”

“அந்தப் பக்கம் வெயில் மூஞ்சில அடிக்கும். ஏன், உன் ஆளு மேல நம்பிக்கை இல்லையா?” மோரி கண்ணடித்தார். “பிரேக்க நானே பரிசோதிச்சுட்டேன். போ, போய் நில்லு.”

அவள் போய் நின்றாள். வழக்கமான இடத்தில், வலப்பக்கம். இன்ஜின் உறுமிக்கொண்டு உயிர்பெற்றது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வழக்கப்படி தீயணைக்கும் உருளையோடு டாங்கிக்குப் பக்கத்தில் நின்றான் பிரென்டன்; அன்று அவனை நம்பிக் கொடுத்திருந்த ஒரே வேலை அது. துளையில் கிளெமின் தலை. கறுப்புத் தொப்பி, காதுக் கவசம், அதற்கடியில் இருபது வயது குறைந்த முகம். அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். இனி அவள் இரண்டு கைகளையும் தன் பக்கமாக அசைத்தால் வண்டி நகரும்.

அவள் கைகள் அசையவில்லை. இன்றைக்கும் சமாளித்துவிடலாம் என்று அவளுக்குத் தெரியும். வலப்பக்கமாகவே நடந்து, கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு, ஒரு சுற்றை முடித்துவிடலாம். டிரெய்லரை நிறுத்தியதுபோல் இன்றைக்கும் யாராவது எதையாவது நிறுத்தாமல் இருந்தால் போதும். ஒரு பிள்ளை கயிற்றுக்கு அடியில் நுழையாமல் இருந்தால் போதும்.

நெரிடா நடந்தாள். டாங்கியின் மூக்குக்கு முன்னால் குறுக்கே போய், இடப்பக்கம், பிள்ளைகளுக்கு முன்னால் நின்றாள். கிளெமை நேராகப் பார்த்துக்கொண்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்கே வைத்தாள். இன்ஜினை அணை.

இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது.

கிளெமின் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. அவள் முன்பு நின்ற வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையை வலப்பக்கம் திருப்பினான். இன்னும் கொஞ்சம் வலப்பக்கம். அவளைத் தேடினான். நான்கு எட்டு தூரத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

முதலில் பார்த்தது பிரென்டன். அவன் நெரிடாவின் கைகளைப் பார்த்தான், கிளெமைப் பார்த்தான், மறுபடி அவள் கைகளைப் பார்த்தான். அடுத்து மோரி. ஒலிபெருக்கியில் ஏதோ வேடிக்கை சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். நெரிடாவின் தோள்பட்டை வலித்தது. கண்ணீர் வழிந்தது, துடைக்க முடியவில்லை. எல்லோரும் பார்க்கும்வரை கைகளை இறக்கக் கூடாது என்று அவள் நின்றாள்.

“நெரிடா எங்கப்பா?” இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தினான் கிளெம். “இங்கதான் நின்னா. எங்க போயிட்டா?”

பிரென்டன் உருளையைக் கீழே வைத்துவிட்டு டாங்கிமேல் ஏறினான். கிளெமின் தோளைத் தொட்டு, கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டினான். கிளெம் இன்ஜினை அணைத்தான். மைதானம் முழுவதும் அமைதியாயிற்று. பிரென்டன் கிளெமின் தாடையில் மெல்லக் கைவைத்து, அவன் முகத்தை இடப்பக்கமாகத் திருப்பிவிட்டான்.

அவன் பார்வைக்குள் அவள் வந்தாள். கிளெம் திடுக்கிட்டான். யாரோ இருட்டிலிருந்து எதிரே குதித்ததுபோல் அவன் உடம்பு தூக்கிப்போட்டது.

“எப்ப வந்த?”

“நான் இங்கயேதான் நிக்கிறேன், கிளெம்.”

அவள் முகத்தையும், குறுக்கே கிடந்த அவள் கைகளையும், அவளுக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளையும் அவன் பார்த்தான். அந்தப் பிள்ளைகளையும் அவன் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறான் என்பது நெரிடாவுக்குப் புரிந்தது. முந்தின இரவு அவன் பொய் சொல்லவில்லை. பார்த்தேன் என்று சொன்னபோது, பார்த்ததாகவே அவன் நம்பியிருந்தான்.

கிளெம் காதுக் கவசத்தைக் கழற்றினான். பக்கத்தில் குனிந்திருந்த பிரென்டனிடம் கேட்டான்:

“அப்ப, பிரேக் நல்லாத்தான் இருந்துச்சா?”

“நல்லாத்தான் இருந்துச்சு” என்றான் பிரென்டன்.