ஏழாவது நகல்

ஸ்டெபின் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பாலைக் காய்ச்சினான். காபி போட்டான். இரண்டு தோசை. குளியல். ஏழு மணிக்குத் தாம்பரத்தில் கம்பெனி பஸ் ஏறினான். மேடவாக்கத்தில் எபி ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தான். அதே டீம்.

“இன்னா மச்சான், அந்த ஏழாவதை இன்னும் அடைகாத்துகினு கீறியா?”

“ஆமா.”

கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் உள்மையத்தில், ஒரு சின்ன நிரல் உண்டு. நினைவகத்தைப் பக்கம் பக்கமாகத் துடைத்துப் புரோகிராம்களுக்குக் கொடுப்பது. ஏழு வகை பிராசஸருக்கு ஏழு ஃபோல்டர், ஏழு நகல். எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பொதுவாக ஒன்று வைப்பது ஸ்டெபினின் வேலை. ஆறை எடுத்தாயிற்று. ஏழாவதை எழுதியவள் ஜென்சி, அவன் மனைவி. அவள் இறந்து பதினோரு மாதம். ஃபைலின் தலையில் அவள் பெயர் இருந்தது. அவன் அதைத் திறக்கவே இல்லை.

சிறுசேரியில் டீம் லீட் துர்கா காத்திருந்தாள். “ஒண்ணை விட்டா கெர்னலைப் பாத்துக்கறவங்க மொத்தத்தையும் திருப்பி அனுப்பிடுவாங்க ஸ்டெபின். இன்னைக்கு மூணு மணிதான் கடைசி. எபிகிட்ட குடுத்துடவா?”

“ஐயோ, என்கிட்ட வேணாம். ஜென்சி கனவுல வந்து ரிவ்யூ பண்ணுவா.”

“நானே பண்றேன்,” என்றான் ஸ்டெபின்.

திறந்து பார்க்காமலே அழித்தான். பொது நிரலை, பிராசஸருக்கு ஒன்றாக மேசையில் இருந்த ஏழு சோதனை போர்டிலும் ஏற்றினான். ஆறு பூட் ஆகி எழுந்தன. ஏழாவது பாதியில் நின்றது.

“கொன்னுட்டியேடா,” என்ற எபி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“பரவால்ல. போர்டைத்தானே சொன்ன.”

அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்தான். இந்த முறை படித்தான். மற்ற ஆறு நகல்களும் ஒரு பக்கம் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட் என்று நம்பிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்து அவன் எழுதிய பொது நிரலும் அப்படியே. ஏழாவது பிராசஸரில் பக்கம் பதினாறு மடங்கு பெரியது. ஜென்சி எதையும் நம்பவில்லை. பக்கம் எவ்வளவு பெரிது என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் துடைத்திருந்தாள்.

ஸ்டெபின் தன்னுடையதை அழித்தான். அவளுடையதைப் பெயரோடு பொது ஃபோல்டருக்கு மாற்றினான். இரண்டரை மணிக்கு ஏழு போர்டும் எழுந்தன. துர்கா அனுப்பினாள். எபி கேன்டீனிலிருந்து ஏழு சமோசா வாங்கிவந்தான். போர்டுக்கு ஒன்றாம். துர்கா மட்டும் மூன்று போர்டைத் தின்றாள். ஸ்டெபின் சிரித்தான். பக்கத்து டீம் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

ஜென்சி கடைசியாகப் பைபிள் சங்கீதம் சொல்லித்தான் கண்ணை மூடினாள் என்று தபீதாள் அத்தை சபை முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். ஸ்டெபின் மறுத்ததில்லை. ஆனால் அவள் திரும்பி வராத அந்த ஆபரேஷனுக்கு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகையில் கூடவே நடந்தவன் அவன்தான். நீ வர்றதுக்குள்ள உன் ஃபைலைத் தூக்கிடறேன் பார் என்று, தன் பயத்தை மறைக்க, அவளைச் சீண்டினான். அவள் தலையைத் தூக்கினாள்.

“தூக்கு. ஆனா படிச்சுப் பாத்துட்டுத் தூக்கு.”