ஒரே அச்சில் அழுத்திய கோதுகள்

1

இந்தக் கதை, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த பிரெஞ்சு பேசும் நகரத்தின் ஜான்-டலோன் சந்தையில் நான் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது தலையில் ஏறியது. பக்கத்தில் இரண்டு தமிழர். மூத்தவருக்கு வலக்கண் இல்லை. இளையவர் அவருடைய பைகளையும் சேர்த்துச் சுமந்துகொண்டு நின்றார். "துவக்குப் பின்பக்கமா வெடிச்சுப் போச்சு" என்று மூத்தவர் கடைக்காரருக்குச் சொன்னார். இளையவர் நிலத்தைப் பார்த்தார். நான் கண்டது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

மூத்தவருக்குப் பேனாட் என்று பெயர் வைத்தேன். இளையவருக்குக் கிறிஸ்தோப்பர். இருவரும் மன்னார், ஒரே பங்குக் கோயில், இலையுதிர்காலத்தில் ஒன்றாக மான் வேட்டைக்குப் போகிறவர்கள்.

2

முதல் தொடக்கம்: "பியர்பொன்ட்ஸ் புறநகர் வீட்டின் நிலக்கீழ் அறையில் கிறிஸ்தோப்பர் பித்தளையோடு பேசிக்கொண்டி—"

வேண்டாம். பித்தளையோடு எவரும் பேசுவதில்லை. எங்களைப் போன்றவர்கள்தான் பேசவைக்கிறோம்.

மறுபடி. கிறிஸ்தோப்பர் சுட்ட தோட்டாவின் வெற்றுப் பித்தளைக் கோதை எறியமாட்டார். சுடும்போது கோது அந்தத் துவக்கின் தோட்டா அறைக்கு ஏற்றபடி ஊதிவிடும். அதற்கு மெழுகு பூசி, உருக்கு அச்சுக்குள் அழுத்தி, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, வெடிமருந்தும் குண்டும் புதிதாக வைத்தால் இன்னொரு தரம் சுடலாம். எல்லாக் கோதும் ஒரே அளவாக வரவேண்டும் என்பதில் அவருக்கு வெறி. மெழுகு கூடக் குறையப் பூசமாட்டார், அச்சின் கைப்பிடியை அவசரப்பட்டுத் தூக்கமாட்டார், ஒவ்வொன்றையும் அளந்து பார்த்துத்தான் கீழே வைப்பார்.

"கறிக்கு உப்புப் போடேக்க இந்தக் கவனம் இருந்தா நான் ஏன் கத்தப்போறன்" என்பாள் மனைவி அஞ்சலீனா.

3

(பிழை எங்கே என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்து விளையாட இது அந்த மாதிரிக் கதை இல்லை.)

வேட்டைக்குப் போகிறவர்கள் நான்கு பேர். சுட்டுப் பழகும் இடத்தில் வேலை முடிந்ததும் நால்வரின் கோதுகளும் ஒரே அரிசிப் பைக்குள் போய்க் கிறிஸ்தோப்பரிடம் வரும்; நால்வருக்கும் தோட்டா நிரப்பிக் கொடுப்பவர் அவர்தான். கோயில் திருநாளுக்கு ஆளாளுக்குக் கொண்டுவரும் சட்டியில் எது எவருடையது என்று யாரும் பார்ப்பதில்லை, பார்த்தால் மரியாதையும் இல்லை. அதே பழக்கம். ஒருமுறை கிறிஸ்தோப்பர் பிரித்து வைப்போமா என்று கேட்டுப் பார்த்தார்.

"உம்மட கோது, என்ர கோது எண்டு பிரிச்சா நாங்கள் என்ன தம்பி சிநேகிதர்?" என்றார் பேனாட்.

நான்கு துவக்குகளின் அறைகளும் மயிரிழை வித்தியாசம். எல்லாவற்றுக்குள்ளும் நுழைய வேண்டுமென்றால் ஆகச் சின்ன அறைக்கு அச்சை வைக்க வேண்டும். அந்தச் சின்ன அறை கிறிஸ்தோப்பரின் சொந்தத் துவக்கு. ஆக நீளமான அறை பேனாட்டின் பழைய துவக்கு. அங்கே சூட்டில் கோது இழுபடும், இங்கே அச்சில் அவர் அதைத் திரும்பத் தள்ளுவார். கம்பியை அப்படியும் இப்படியும் வளைத்தால் முறிகிற மாதிரி, கோதின் அடி மெலிந்துகொண்டு வந்தது. அளவில் குற்றம் சொல்ல ஏலாது. அத்தனையும் ஒரே அளவு.

சில கோதுகளின் அடியில் மினுங்கும் வளையம் ஒன்றைக் கிறிஸ்தோப்பர் கண்டார். அது கோது அறுந்துபோகப்போகிற அடையாளம் என்று அவருக்குத் தெரியும். இன்னொருக்காத் தாங்கும் என்று நினைத்தார். தாங்கவில்லை. பேனாட் சுட்டபோது கோது அறுந்து, நெருப்புக் காற்று அவர் முகத்துக்குத் திரும்பியது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எல்லாரும் பழைய துவக்கைத் திட்டினார்கள். கிறிஸ்தோப்பர் சனிக்கிழமை தோறும் பேனாட்டைச் சந்தைக்குக் கூட்டிப்போகத் தொடங்கினார். கூடப்பிறந்தவனும் இப்படிப் பார்க்கமாட்டான் என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள். இந்த மனிதரை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அந்தப் புகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டு அவர் நிற்கும்போது எனக்கு அவருக்காக நோகிறது.

4

இனி, நான் அவர்களைச் சந்தையில் கண்ட அந்தச் சனிக்கிழமை. பேனாட் சொல்கிறார்:

"மருமகன் றொக்சன் விடியவே வேட்டைக்கு வெளிக்கிட்டிட்டான். என்ர துவக்கைத்தான் குடுத்தனான். வெடிச்சதில பழுதான பூட்டைப் புதுசா மாத்தியாச்சு. உம்மட தோட்டாப் பெட்டியும் அரைவாசி கிடந்தது, அதையும் குடுத்துவிட்டன்."

"எந்தப் பெட்டி அண்ணை?"

"அண்டைக்கு நான் சுட்ட பெட்டிதான். ஏன் வீணாக்குவான்?"

முதல் முடிவு: கிறிஸ்தோப்பர் ஒதுங்கிப் போய் றொக்சனுக்குப் போன் எடுத்து, தோட்டா ஈரம் பிடித்துவிட்டது, தொடாதே என்கிறார். நல்ல பொய். ஆனால் றொக்சன் மாமனாரின் கண்ணைப் பார்த்தவன், உடனே கேட்பான்: அப்ப மாமாவுக்கு வெடிச்சதும் இந்தப் பெட்டிதானே? அந்தப் பெட்டியைப் பற்றி வாய் திறந்தால் அந்தக் கண்ணைப் பற்றித் திறந்த மாதிரி.

இரண்டாம் முடிவு: உண்மையைச் சொல்கிறார், பேனாட் மன்னித்து— சீ. அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

மூன்றாவது: பேசாமல் இருக்கிறார். றொக்சனுக்கு ஒன்றும் ஆகவில்லை. [தற்செயலை நம்பிக் கதை முடிக்கிறவனை நான் மதிப்பதில்லை.]

5

நான் இப்படி முடிவுகளை மாற்றி மாற்றி வைத்து அழகு பார்த்த நேரத்தில் றொக்சனின் வண்டி நிற்கவில்லை. கிறிஸ்தோப்பர் கடைசியில் பொய்யோடு போனை எடுத்தபோது, அழைக்கப்பட்டவர் இப்போது தொடர்பில் இல்லை என்று ஒரு பெண் குரல் பிரெஞ்சில் சொன்னது. மறுபடி எடுத்தார். அதே குரல். றொக்சன் காட்டுப் பாதைக்குள் போய்விட்டான்.

"ஆருக்கு அடிக்கிறீர்?" என்றார் பேனாட்.

"றொக்சனுக்கு."

"அங்க போன் எடுக்காது தம்பி. வேட்டைக்காரர் தங்கிற வீட்டில ஒரு போன் கிடக்கு, அந்த நம்பர் என்னட்டத்தான் இருக்கு. அவனோட உமக்கு என்ன கதை?"

நம்பரைக் கேட்டால் பேனாட்டுக்கே காரணம் சொல்லவேண்டும்; பொய்க்கு இருந்த கதவை நானே அடைத்துவிட்டேன். வேண்டுமென்றே அடைத்தேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் கவனமில்லாமல்தான் நடந்தது.

6

கிறிஸ்தோப்பரின் வாயில் இரண்டு வசனம் இருக்கிறது.

"அண்ணை, அந்த நம்பரைத் தாங்கோ. உங்கட கண் போனது துவக்கால இல்லை."

"ஒண்டுமில்லை அண்ணை, வாங்கோ போவம்."

இரண்டையும் நான் எழுதிப் பார்த்துவிட்டேன். இரண்டாவது அவருக்கு எவ்வளவு இயல்பாக வருகிறது என்று கண்டு பயந்து பேனாவை வைத்துவிட்டேன். இனி நீங்கள் அவருக்காகப் பேசுங்கள். யோசித்துச் சொல்லலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள், நான் அப்படித்தான் இருந்தேன். பேனாட் பதிலுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறார், அங்கே றொக்சன் பெட்டியைத் திறக்கிறான்.