ஸ்டாப்பிங்குக்கு இரண்டு பி

1

இந்தக் கதை எங்கள் சமையலறைத் தரையில் பிறந்தது. அப்போது நானும் அங்கேதான் கிடந்தேன். ஆனால் ஒன்றையும் பார்க்கவில்லை. கதை எழுதுகிறவனுக்கு இதைவிட மோசமான இடம் கிடைக்காது.

முதல் வரிக்கு முட்டிமோதினேன். 'அன்று காலை வெயில்...' (அடித்துவிட்டேன். வெயில் எதுவும் செய்யவில்லை.) 'என் மனைவி தையல்காரி. அவள் ஆங்கிலம்...' (இது இருக்கட்டும்.)

2

என் மனைவி தையல்காரி. பிழைக்க வந்த ஊரில் வாடிக்கையாளர்களிடம் கையைக் காலை ஆட்டிப் பேசி அலுத்துப்போய், ஆங்கில வகுப்பில் சேர்ந்தாள். இப்போது நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும் நிகழ்காலத் தொடர்வினையில் மாட்டிக்கொண்டாள். தமிழில் 'வந்துகொண்டிருக்கிறான்' என்றால் எல்லாம் ஒரே துணி. ஆங்கிலத்தில் மூன்று துண்டு: முதலில் ஆள், நடுவில் ஆம், இஸ், ஆர் என்பதில் ஒன்று, கடைசியில் இங் ஒட்டிய வினை. அவள் நடுத்துண்டை விட்டுவிடுவாள். 'ஹி கமிங்' என்பாள்.

"வர்றான்னுதான் புரியுதுல்ல, நடுவுல இஸ் எதுக்கு வெட்டியா?" என்று என்னிடம் சண்டைக்கு வருவாள்.

பயிற்சிக்கு அகப்பட்டவன் நான். யூ ஆர் ஈட்டிங். யூ ஆர் ஸ்னோரிங். வீட்டில் நான் எதைச் செய்தாலும் அது வாக்கியமாகிவிடும்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: ஸ்டாப் போன்ற சில சொற்களில் இங் சேரும்போது கடைசி எழுத்து இரட்டிக்கும். 'ஸ்டாப்பிங்குக்கு ரெண்டு பி' என்று மிஷினை மிதித்தபடி பாட்டாகவே பாடுவாள்.]

3

ஒருநாள் காலையில் சாப்பிட்ட தட்டைக் கழுவப் போனவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். இனி வருவதெல்லாம் சத்தம் கேட்டு ஓடிவந்த கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் சொன்னது. அவளைக் கேட்டால், "என்னமோ உளறினேன், விடுங்க" என்கிறாள்.

அவசர எண்ணை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாளாம். மூச்சு விடுகிறாரா என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் கேட்டதாம்.

"ஹி இஸ் பிரீத்திங்" என்றிருக்கிறாள். பிறகு என் முகத்தருகே குனிந்து, "நோ. ஹி இஸ் ஸ்டாப்பிங்."

இஸ் இருந்ததா என்று எலக்ட்ரீஷியனைத் துருவித் துருவிக் கேட்டேன். இருந்ததாம்.

மூச்சைப் பற்றி அப்படிச் சொல்வார்களா என்று இலக்கணம் தெரிந்தவர்கள் நெளியலாம். அந்தக் குரலுக்குப் புரிந்துவிட்டது. இன்னும் நின்றுவிடவில்லை, நின்றுகொண்டிருக்கிறது. உடனே நெஞ்சின் நடுவில் கைவைத்து அழுத்தச் சொன்னது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் அழுத்தினாள், "ஐ ஆம் புஷ்ஷிங், ஐ ஆம் புஷ்ஷிங்" என்று அந்தக் குரலுக்குச் சொல்லிக்கொண்டே.

4

கதையென்றால் வேறொரு முடிவையும் யோசிக்க வேண்டுமே என்று எழுதிப் பார்த்தேன். இஸ்ஸுக்குப் பதிலாக அழுகை வந்திருந்தால்? 'அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்...'

(தமிழில் அதற்குப் பெயரே இறந்தகாலம். மேலே எழுதக் கை வரவில்லை.)

அந்த வகுப்புக்கு நன்றி. முகம் தெரியாத அந்தக் குரலுக்கு நன்றி. இவளுக்கு நன்றி என்று எழுதினால் சொல் சின்னதாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

5

முடிவுதான் பாக்கி. சமையலறையிலிருந்து கூப்பிடுகிறாள்.

"சாப்பாடு ஆறுது. வர்றீங்களா இல்லையா?"

"வந்துகிட்டே இருக்கேன்" என்கிறேன், நாற்காலியை விட்டு எழாமல்.

"பொய். யூ ஆர் சிட்டிங்." (அதற்கும் இரண்டு டி.)

போக வேண்டும். முற்றுப்புள்ளியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அது வேண்டாம். நான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன்