யார் இந்த அம்மா?

போடி கடைவீதியில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் எபனேசர், எந்தச் சுவரைப் பார்த்தாலும் அது எத்தனை லிட்டர் குடிக்கும் என்று சொல்லிவிடுவார். சுவரில் என்ன மாட்டியிருக்கிறது என்று பார்க்கிற பழக்கம்தான் கிடையாது. அதனால்தான் அவர் மனைவி ஜெபராணி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி ஒரு நிபந்தனை போட்டாள்.

"அந்தக் கண்ணாடிப் படத்த நீங்க வச்சுக்கிற வேணாம். மேல கம்பெனி காலண்டர மாட்டிருவீக. யாரு இவுகன்னு கேக்குறவுகளுக்குக் குடுங்க. வெலை கேக்குறவுகளுக்கு வேணாம்."

காரைக்குடியில் பழைய சாமான் கடை ஒன்றில் அவள் வாங்கிய படம் அது. கண்ணாடியின் பின்பக்கமாக வரைந்தது, நூறு வருஷத்துப் பழசு. பச்சைச் சேலை கட்டி, மடியில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். வாங்கி வந்த அன்று எபனேசர் கேட்ட ஒரே கேள்வி, "எவ்வளவு குடுத்த?"

ஜெபராணி போய்ச் சேர்ந்த பிறகு, தம்பி மகள் இவாஞ்சலின் படத்தை போட்டோ எடுத்து, பழைய பொருள் விற்கும் ஆப்பில் ஏற்றிவிட்டாள். கூடவே பாடமும் எடுத்தாள்.

"பெரியப்பா, பணம் வாங்குறதுக்கு பின் நம்பர் போட வேண்டியதே இல்ல. போடச் சொன்னா அவன் திருடன். பணம் ஏறிருச்சுன்னு மெசேஜ் வந்தாலும் நம்பாதீக, பேங்க் கணக்கத் தொறந்து பாருங்க. அதுக்கு முன்னாடி படத்த எவன் கையிலயும் குடுத்துறாதீக. மிலிட்டரிக்காரன்னு சொன்னா ரெண்டு மடங்கு உசாரு."

"ஏத்தா, அப்ப நல்லவன் என்ன சொல்லிக்கிட்டு வருவான்?"

"லாஸ்ட் பிரைஸ் என்னன்னு கேப்பான்."

சொன்னபடியே நல்லவர்கள் வரிசையாக வந்தார்கள். லாஸ்ட் பிரைஸ் கேட்டார்கள். சட்டம் தேக்கா என்று விசாரித்தார்கள். ஒருவர், படம் வேண்டாம், சட்டத்தை மட்டும் கழற்றித் தருவீர்களா என்றார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற எபனேசர், அத்தனை பேரிடமும் வித்தாச்சு என்று பொய் சொன்னார்.

பிறகு தங்கபாண்டி என்று ஒருவன் வந்தான். 'யார் இந்த அம்மா? முகத்தில் எவ்வளவு அமைதி' என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தான்.

எபனேசர் கல்லாவை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

ராணுவத்தில் இருப்பதாகவும், கோயம்புத்தூரில் கட்டுகிற வீட்டில் மாட்டப் படம் வேண்டும் என்றும் அவன் எழுதியபோது, இவாஞ்சலின் எடுத்த பாடம் ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. வந்ததை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு எபனேசர் பதில் போட்டார்: 'சுவருக்கு வெளிர் சந்தனம் அடியுங்கள் தம்பி. பச்சைச் சேலையை எடுத்துக் காட்டும்.' அதோடு விட்டாரா? நாலு லிட்டர் அந்த நிறத்தில் கலந்தே வைத்துவிட்டார். கலந்த பெயிண்ட் திரும்ப எடுக்கப்படாது என்ற போர்டு அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில்? அது எபனேசருக்கே தெரியாது. அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் இத்தனை காலம் சாப்பிட்டிருக்கிறார்.

மறுநாள் கடையை அடைத்துவிட்டு, உத்தமபாளையத்தில் இருக்கிற ஜெபராணியின் அக்கா ஏஞ்சல் வீட்டுக்கு பஸ் ஏறினார்.

"மதினி, அந்தக் கண்ணாடிப் படத்துல இருக்கது யாரு?"

ஏஞ்சல் மொச்சை உரிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்."

"வாங்குறவுக கேட்டாக, மதினி."

"அதான பாத்தேன்." மொச்சைத் தட்டைத் தள்ளி வைத்தாள். "எங்கம்மா சாகையில ஜெபாவுக்கு ரெண்டு வயசு. வீட்டுல ஒரு போட்டோ கெடையாது. அம்மா எப்படி இருப்பாகன்னு என்னைய நச்சரிப்பா. நானும் சின்னப் புள்ள, எனக்கு மட்டும் என்ன தெரியும்? பச்சச் சேல கட்டுவாக, மடியில கைய வச்சு உக்காருவாகன்னு சொல்லி வச்சேன். காரைக்குடிக் கடையில இருந்து எனக்குப் போன் போட்டா, தம்பி. அக்கா, அம்மா இங்கன இருக்காகன்னு ஒரே அழுகை. நீங்க கேட்டதும் சொல்லணும்னு இருந்தா."

எபனேசர் கடைக்குத் திரும்பியபோது செய்தி வந்திருந்தது. 'முழுப் பணமும் அனுப்புகிறேன். இதை ஸ்கேன் செய்து பின் போடுங்கள், உங்கள் கணக்கில் ஏறிவிடும்.' கூடவே கட்டம் கட்டமாக ஒரு கியூ ஆர் கோடு.

எபனேசர் ஸ்கேன் செய்யவில்லை. அவ்வளவு ஏமாளி இல்லை. ஆனால் இவாஞ்சலினைக் கூப்பிட்டுக் காட்டும்போது, இல்ல பெரியப்பா, இவர் மட்டும் நெசந்தான் என்று அவள் சொல்லிவிட மாட்டாளா என்று இருந்தது.

அவள் பழைய பொருள் விற்பவர்களின் குழு ஒன்றைத் திறந்து தேடினாள். "இங்கன பாருங்க. விருதுநகர்ல ஒருத்தர் படம் விக்கப் போட்டிருக்காரு. அவருக்கும் இதே ஆளுதான்."

அந்தப் படத்தில் கொம்பைச் சிலுப்பிக்கொண்டு ஒரு காளை நின்றது. அதற்குக் கீழே தங்கபாண்டி: 'யார் இந்த அம்மா? முகத்தில் எவ்வளவு அமைதி.'

இவாஞ்சலின் சிரித்தாள். எபனேசரும் சிரித்தார். சிரிக்காவிட்டால் பிள்ளை பயந்துபோகும்.

"நல்லவேளை பெரியப்பா, ஒத்த ரூவா போகல."

"ஆமாத்தா. ஒண்ணும் போகல."

வீட்டுக்கு வந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் எழுதினார். 'தம்பி, நீங்கள் திருடன் என்று தெரிந்துபோயிற்று. பணம் வராது, படமும் வராது. ஆனாலும் இவ்வளவு பேரில் கேட்டது நீங்கள் ஒருவர்தான். அது என் மனைவியின் அம்மா. என் மனைவிக்கு அவர்கள் முகம் ஞாபகமில்லை.'

ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது விழவில்லை. சோறு போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். சாப்பிட்டுக் கை கழுவி வந்து பார்த்தார். அதே ஒற்றை டிக். தேறாத கிராக்கி என்று திருடனே இவரை பிளாக் செய்துவிட்டுப் போயிருந்தான். அவனுக்கும் தொழில் இருக்கிறதல்லவா.

எபனேசர் படத்தை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை காலம் மாமியார் எதிரில் முழங்கால் தெரிய உட்கார்ந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அவசரமாக எழுந்து லுங்கியை இறக்கிவிட்டார். ஜெபராணி பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள்.

அடுப்படிப் பக்கம் திரும்பி, அங்கே அவள் இருந்தால் கேட்கிற சத்தத்தில் கேட்டார்.

"ஜெபா, யாரு இவுக?"