ஆத்தூர்ப் பாலம் வரைக்கும்

வெளிச்சம் மண்ணுக்குள்ளிருந்து வருவது போல உப்பளம் வெளுத்துக் கிடந்தது, பாத்திகளுக்கு நடுவே போகும் சரளை ரோட்டில் ஜெசிந்தா நடந்துகொண்டிருந்தாள், பொத், சர்ர், பொத், சர்ர் என்று பின்னால் யாரோ வருகிற சத்தம், வழிவிடலாம் என்று ஒதுங்கி நின்றாள், அவள் நின்றதும் சத்தமும் நின்றது, திரும்பிப் பார்த்தால் தூரத்தில் உப்பு வாருகிற இரண்டு பெண்களைத் தவிர யாருமில்லை, மறுபடி நடந்தாள், மறுபடி சர்ர், குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, சரளையில் இழுபட்டு வருவது அவளுடைய இடது கால்தான் என்று.

அந்தச் சத்தம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும் என்றுதான் சொல்ல வேண்டும், அவள் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அடுக்கி வைத்த உப்பு மூட்டை அட்டி சரிந்து அப்பாவின் கணுக்கால் நசுங்கியது, அதற்கப்புறம் சூசை மிக்கேல் எங்கே போனாலும் அந்தச் சத்தம் அவருக்கு முன்னால் வீடு வந்து சேரும், தெருமுக்கில் சர்ர் கேட்டதும் தம்பி ரீகன் டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தை எடுப்பான், அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள், கடைசியில் இரண்டு சிறுநீரகமும் போய் ஒன்றுவிட்டொரு நாள் டயாலிசிஸுக்கு அலைந்த காலத்திலும் அவர் பஸ் ஸ்டாப்பிலிருந்து ஆட்டோவில் ஏறமாட்டார், என் காலு இருக்குல்லா என்பார், போன தவக்காலத்தில் அந்தச் சத்தம் நின்றுபோயிற்று. இப்போது மாதா கோவிலில் ஏழைகளுக்கென்று ஒரு டயாலிசிஸ் மெஷின் வாங்க நன்கொடை நடை ஏற்பாடு செய்திருந்தார்கள், தூத்துக்குடியில் கிளம்பி வீரபாண்டியன்பட்டினம் கடற்கரை வரைக்கும், நடக்கிறவர்கள் தங்கள் வீட்டில் இறந்தவரின் பெயரை நெஞ்சில் குத்திக்கொள்ளலாம் என்றார் பங்குச்சாமியார், ஜெசிந்தா கையைத் தூக்கிவிட்டாள், ரோட்டு முக்குக்கே ஆட்டோ பிடிக்கிறவ நீ, அம்புட்டுத் தூரம் நடந்துருவியா யக்கா, என்று ரீகன் சிரித்தான், அதனால்தான் மருந்துக்கடை வேலைக்குப் போவதற்கு முன்னால் தினமும் காலையில் உப்பளத்து ரோட்டில் இந்தப் பயிற்சி.

கால் இழுபட்ட அந்த முதல் நாள் அவள் வீட்டுக்குத் திரும்பியபோது, கேட்டில் கை வைப்பதற்கு முன்பே உள்ளே தாழ்ப்பாள் விலகியது, வாசலில் அம்மா நின்றாள், அப்பா போனதிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்த புஷ்பம், ஊட்டினால் இரண்டு வாய் கஞ்சிக்கு மேல் இறங்காத புஷ்பம், தலைவாரி நிற்கிறாள், வந்துட்டியளா, என்று கேட்கிறாள், அம்மாவின் கண் ஜெசிந்தாவின் முகத்தில் இல்லை, அவள் தோளுக்கு மேலே, அப்பாவின் முகம் இருந்திருக்கக்கூடிய உயரத்தில் நின்றது, பிறகு மெல்லக் கீழே இறங்கி வந்தது, நீயாட்டி, என்றாள், என்றாலும் அம்மா படுக்கைக்குத் திரும்பிப் போகவில்லை, அடுக்களைக்குப் போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள், ஒரு வாய் குடித்ததும் ஜெசிந்தாவுக்குத் தெரிந்துவிட்டது, சர்க்கரை இல்லாத காப்பி, அப்பாவின் காப்பி, அவள் அதைக் குடித்து முடித்தாள்.

அதற்கப்புறம் எது முதலில் நடந்தது எது பிறகு நடந்தது என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை, கொடியில் அப்பா இடுப்பில் கட்டும் கட்டம் போட்ட சாரம் துவைத்துக் காய்ந்தது, சாளை மீன் பொரிகிற வாசனை தெரு வரைக்கும் வந்தது, அம்மா தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் நின்று பேசினாள், சிரிக்கக்கூடச் செய்தாள், இங்கே ஜெசிந்தாவின் புதுச் செருப்பில் இடதுகால் வெளி ஓரம் மட்டும் தேய்ந்து சரிந்தது, அப்பாவின் செருப்புகள் எல்லாம் அப்படித்தான் தேய்ந்தன, டாக்டர் கணுக்காலை அழுத்திப் பார்த்து, எலும்பு நரம்பு எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு, பழக்கம் இல்லாம நடக்கிறீங்கல்ல, சரியாயிடும் என்றார், அவளும் காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்தாள், கொஞ்ச தூரம் கால் சொன்னபடி கேட்கும், மனம் வேறெங்காவது போன மறுகணம், சர்ர், ஒரு நாள் கேட்டைத் திறக்கும்போது அவள் தொண்டை தானாகச் செருமியது, கனத்த, வறண்ட, ஓர் ஆணின் செருமல், பயத்தில் இரும்புக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள், உள்ளே அம்மா, இந்தா வந்துட்டேன், இந்தா வந்துட்டேன், என்று புதுப்பெண் போல ஓடிவருவது கேட்டது.

ரீகன் ஒருநாள் காலையில் அக்காவுக்குத் துணையாக வருகிறேன் என்று பின்னால் நடந்தவன் பாதியிலேயே திரும்பிப் போய்விட்டான், மத்தியானம் மருந்துக்கடைக்கு வந்து நின்றான், யக்கா, நன்கொடையக் குடுத்துட்டு நீ வீட்ல இரி, நடக்க வேண்டாம், என்றான், ஏம்ல, என்று கேட்டாள், பின்னால இருந்து பாத்தா நீ இல்ல அது, என்றான், ஜெசிந்தா மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே, அம்மா இப்பம் நல்லா சாப்பிடுதா ரீகா, அத நெனச்சுப் பாத்தியா, என்றாள், அம்மா சாப்பிடுதா, சரி, நீ எங்க இருக்க, என்று அவன் கேட்டான், நான் இங்கேதானே இருக்கிறேன் என்று அவள் சொல்லியிருக்கலாம், அந்த நான் யாருடைய குரலில் வரும் என்று தெரியாததால் சொல்லவில்லை.

நடை நாள் வந்தது, விடிந்தும் விடியாமலும் கூட்டம் கிளம்பியது, எல்லா நெஞ்சிலும் இறந்தவர்கள், அவள் நெஞ்சில் சூசை மிக்கேல், முள்ளக்காடு தாண்டி, பழையகாயல் தாண்டி, இரண்டு பக்கமும் உப்பு, வெயில் ஏற ஏற இழுப்பும் கூடுகிறது, மறுபடி அவளுக்கு எட்டு வயது, பனிமய மாதா திருவிழாவுக்குப் போகிறார்கள், கூட்டத்தில் தொலைந்துவிடுவோமோ என்று அவள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள், திரும்பிப் பாக்காதட்டி, முன்னால போ, சத்தம் கேக்குதுல்லா, அப்பா வாரேன், என்கிறார் அப்பா, அவள் போகிறாள், முக்காணி தாண்டிப் போகிறாள், ஆத்தூர்ப் பாலம் வந்துவிட்டது, கீழே தாமிரபரணி அசையாமல் நிற்பது போலப் போகிறது, பாலத்தின் நடுவில் ஏதோ மாறியது, அவள் குனிந்து பார்த்தாள், இடது கால் சுத்தமாக எழுந்து, சுத்தமாக விழுகிறது, ஆனால் சர்ர் நிற்கவில்லை, அது இப்போது அவளுக்குப் பக்கத்தில் கேட்டது, பிறகு ஓரெட்டுப் பின்னால், பிறகு நின்றது, நின்று, மெல்லத் திரும்பி, வருகிற கூட்டத்துக்கு எதிராக, தூத்துக்குடிப் பக்கமாகப் போக ஆரம்பித்தது, அப்பா, என்று கத்திவிட்டாள், கூட வந்தவர்கள் வெயிலுக்கு என்னமோ செய்கிறது என்று அவளை உட்காரவைத்துக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்கள், எதிரே ஒருவரும் போகவில்லை, ஆனாலும் வந்துகொண்டிருந்தவர்கள் ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, யாருக்கோ வழிவிடுவது போல விலகி, மறுபடி சேர்ந்துகொண்டார்கள், அதை அவள் பார்த்தாள். மிச்ச தூரத்தை அவள் இலேசான, வலியில்லாத, தன்னுடைய கால்களால் நடந்தாள், அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

வீரபாண்டியன்பட்டினம் கடற்கரையில் ரீகன் காரோடு காத்திருந்தான், அவன் போனில் ஸ்பீக்கரைப் போட்டு அம்மாவைக் கூப்பிட்டார்கள், அம்மா, நடந்து முடிச்சுட்டேன், என்றாள் ஜெசிந்தா, சந்தோஷம்ட்டி, என்றாள் அம்மா, மெதுவா வாங்க ரெண்டு பேரும், அவசரமில்ல, உங்கப்பா அப்பவே வந்துட்டாவ, குளிச்சிட்டிருக்காவ, என்றாள், அலை ஓய்ந்த இடைவெளியில் போனுக்குள் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது, ஒரு குவளை, இன்னொரு குவளை, ரீகன் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வீட்டுக் கதவை மூன்று தடவை தட்ட வேண்டியிருந்தது, யாரோன்னு பாத்தேன், நீயாட்டி, என்று சொல்லிக்கொண்டே அம்மா திறந்தாள், குளியலறைத் தரை ஈரம், கொடியில் துண்டு ஈரம், அம்மாவின் சேலையில் ஒரு சொட்டு இல்லை, சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டில் மீன் முள் ஒதுக்கப்பட்டுக் கிடந்தது, ரீகன் ஒவ்வொரு அறையாக விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான், அம்மா கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து விசிறிக்கொண்டிருந்தாள், காற்று தனக்கு வராதபடி, பக்கத்தில் வெறுமையாயிருந்த தலையணைப் பக்கம் போகும்படி. ஜெசிந்தா நிலைப்படியில் சாய்ந்து காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றாள், மூச்சு கேட்கிறதா, செருமல் கேட்கிறதா, ஒன்றுமில்லை, அவளுக்கு இனி ஒன்றும் கேட்காது என்று தெரிந்தது, இவ்வளவு தூரம் சுமந்து வந்தவள் அவள்தான், ஆனால் அவர் வந்து சேர்ந்தது அம்மாவிடம், அம்மா, என்று கூப்பிட்டாள், என்னயப் பத்தி அப்பா ஏதும் கேட்டாவளா, என்று கேட்டாள். அம்மா விசிறியை நிறுத்தினாள், தலையணைப் பக்கம் குனிந்து, கொஞ்ச நேரம் கவனமாகக் கேட்டாள், பிறகு நிமிர்ந்து மகளைப் பார்த்தாள், இந்தத் தடவை நேராக அவள் முகத்தைப் பார்த்தாள்.

காலு ரொம்ப வலிக்கான்னு கேக்காவட்டி, என்றாள்.