வஜிஹா கிண்டிய மக்ரோனி

1

ஒரு மத்தியானம் பால் சேர்த்த மக்ரோனி செய்யப் போய், மாவு கட்டி தட்டி, குப்பையில் கொட்டினேன். பாத்திரம் தேய்க்கும்போது, எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இதைக் கட்டியில்லாமல் முதலில் கிண்டிய கை யாருடையதாக இருக்கும் என்று தோன்றியது. கதை பிறந்தது அப்படித்தான். மற்றதெல்லாம் கற்பனை.

முதல் வரியை 'கிருஷ்ணகிரி மலைமேல் மேகம் கவிந்...' என்று தொடங்கினேன். மேகத்துக்கு இங்கே வேலையில்லை. விட்டுவிட்டேன்.

2

1956. கிருஷ்ணகிரியில் அணை எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே ஓர் இன்ஜினியர் வீட்டில் நூர் முகமது சமையல்காரன். பெங்களூர் தண்டில், வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த பகுதியில், துரைமார் சமையல் பழகியவன். வெள்ளிக்கிழமை அவன் வலக்கையில் கொதிக்கிற எண்ணெய் கொட்டிவிட்டது. மறுநாள் மத்தியானம் விருந்துக்கு ஓர் இத்தாலிக்காரர் வருகிறார். முடியாது என்று சொன்னால் வீட்டம்மா சரோஜம்மாள் வேறு ஆள் பார்த்துவிடுவாள்.

"இங்கயே செஞ்சு தூக்குல கொண்டு போயிடலாம்," என்றான் மனைவி வஜிஹாவிடம். "நான் வாயால சொல்றன். நீ செய்."

"தின்னு பாக்காதத எப்படிங்க ஆக்கறது?"

[முதல் வரைவில் வஜிஹா இங்கே அழுதாள். எதற்கு அழ வேண்டும்? அடித்துவிட்டேன்.]

3

மக்ரோனி பெங்களூரில்தான் கிடைக்கும். வஜிஹா மைதாவில் முட்டை உடைத்து ஊற்றிப் பிசைந்து, சப்பாத்தி போலத் தேய்த்து, நாடா நாடாக அறுத்து வேகவைத்தாள். வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் ஊற்றும்போது அவன் பதறினான்.

"கைய நிறுத்தாத! கட்டி விழும்!"

"கத்தாதீங்க. களி கிண்டற கைக்கு இது பெரிசா?"

கட்டி விழவில்லை. பாலாடையும் மிளகுத்தூளும் சேர்ந்ததும் கரண்டியிலிருந்து சோம்பலாக வழிந்தது. கேரட், பீன்ஸ், நூல்கோலை வேகவைத்து மசித்து வடிகட்டினால் சூப். அதை ஒரு வாய் ருசி பார்த்தவள் முகம் சுளித்தாள்.

"காய்ச்சக்காரன் கஞ்சிங்க இது."

"துரைங்களுக்கு அதான் பிடிக்கும்," என்று சொல்லிவிட்டு அவன் சட்டை மாற்றப் போனான்.

4

"கை லேசா சுட்டுடுச்சும்மா, ஒத்தக் கையாலயே செஞ்சுட்டன். சாமான் தூக்க வீட்டுக்காரி வந்திருக்கா," என்று சரோஜம்மாளிடம் சொன்னான் நூர் முகமது. வஜிஹா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். மக்ரோனித் தட்டு காலியானது. சூப்பை இத்தாலிக்காரர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

"ஒரு வாசனை வருதாமே, என்னா போட்டிருக்குன்னு கேக்கறார்," என்றாள் சரோஜம்மாள்.

நூர் முகமதுக்குத் தெரியவில்லை. (இங்கே அவனுக்கு ஒரு நல்ல பொய் எழுதிக் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொள்ளவில்லை.)

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சுட்ட பூண்டும்மா. நசுக்கிப் போட்டன்."

அவனைக் காப்பாற்றத்தான் வாயைத் திறந்தாள். 'போட்டாரு' என்று சொல்லியிருக்கலாம். 'போட்டன்' என்று வந்துவிட்டது.

சரோஜம்மாள் கதவைப் பார்த்தாள், அவனுடைய கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள்.

"திங்கக்கிழமையிலருந்து நீயே வாம்மா," என்றாள்.

5

திரும்பும் வழியில் இருவரும் ஆற்றுப்பாலத்துக்கு வந்தார்கள். வஜிஹாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அது அவளுக்கே கூச்சமாகவும் இருந்தது.

"என் கை ஆறற வரைக்கும் நீ போ," என்றான் அவன்.

"ஆறினதுக்கப்புறம்?"

இதற்கு மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவன் கத்தினான், ஒன்றில் சிரித்தான், ஒன்றில் முன்னால் நட... மூன்றிலும் முடிவு அவனிடமே போய் நின்றது. கிழித்துவிட்டேன்.

நீங்கள் எழுதுங்கள். ஒன்று மட்டும்: அவள் அந்தக் கேள்வியைத் தலை நிமிர்ந்துதான் கேட்டாள்.