சைக்கிளில் வந்த ஒருவன்

காக்ஸ் டவுன் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருந்தார்கள். கைப்பேசியில் கதை கேட்கும் ஆப் ஒன்றுக்காக அங்கே தமிழ்த் தொடர்கதைகளை வாசித்துக்கொடுப்பதுதான் தாரணியின் வேலை. பஸ்ஸிலும் சமையலறையிலும் எத்தனையோ பேர் அவள் குரலைக் கேட்டார்கள். அவர்களில் ஒருவரைக்கூட அவளுக்குத் தெரியாது. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறையில், தன் மூச்சுச் சத்தம் தவிர வேறு எதுவும் கேட்காமல் உட்கார்ந்து வாசிப்பாள். முடிந்ததும் ஜீவனஹள்ளியில் இருந்த ஒற்றை அறைக்கு நடந்து போய்விடுவாள். நாள் முழுக்கப் பேசியும் யாரோடும் பேச வேண்டியிராத வேலை என்பதாலேயே இதைத் தேடிக்கொண்டாள்.

அதற்கு முன் அவளுக்குக் கணவன் கிஷோர் இருந்தான். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் வேலை செய்தான். ஒரு சாயங்காலம் அல்சூரிலிருந்து ஸ்கூட்டரில் வீடு திரும்பியபோது ஒரு கார் அவனை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. கிஷோர் பிழைக்கவில்லை. காரை ஓட்டியவன் யார் என்று தெருவில் நின்றவர்களுக்குத் தெரியும். ஆனால் ஓட்டியது தான்தான் என்று ஸ்டேஷனுக்கு வந்து நின்றது அவன் வீட்டுச் சம்பள டிரைவர். வழக்கு இழுத்தது. பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் பார்க்கவில்லை என்றார்கள். டிரைவரும் விடுதலையானான். உண்மையில் ஓட்டியவனின் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறவே இல்லை. கூடவே இருந்த கிஷோரின் அப்பாவும் அம்மாவும் திருப்பத்தூருக்குப் போய்விட்டார்கள். தோழிகள் கொஞ்ச நாள் வந்தார்கள். பிறகு அவளைப் பார்த்தால் என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியாமல் போயிற்று.

இப்போது அவள் வாசித்துக்கொண்டிருந்த தொடரின் நாயகன் ஆதித்யா, பெரிய இடத்துப் பையன். கதையின் நடுவில் ஒரு மழை நாளில் குடித்துவிட்டு அவன் கார் ஓட்டுகிறான். ‘சைக்கிளில் வந்த ஒருவன் தூக்கி எறியப்பட்டான்’ என்று ஒரு வரி. ஆதித்யா நிற்காமல் போகிறான். வீட்டுக்கு வந்து அழுகிறான். காதலி அவன் தலையைத் தடவிக்கொடுக்கிறாள்.

அந்த ஒரு வரியை வாசித்தபோது தாரணியின் குரல் நடுங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த தயாரிப்பாளர் அனுஷா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

“ஃபீல் சூப்பரா வந்திருக்கு தாரணி. ரீடேக் பேடா, இப்படியே வெச்சுக்கலாம்” என்று கன்னடம் கலந்த தமிழில் சொன்னாள்.

அதன்பின் ஒவ்வொரு வாரமும் புதிய பகுதி கைக்கு வந்ததும் தாரணி முதலில் அந்த சைக்கிள்காரனைத்தான் தேடினாள். ஆஸ்பத்திரியில் இருப்பான், அல்லது அவன் வீட்டிலிருந்து யாராவது வருவார்கள் என்று நினைத்தாள். யாரும் வரவில்லை. ஆதித்யாவும் காதலியும் குடகுக்குப் போனார்கள், சண்டை போட்டார்கள், சமாதானமானார்கள். கடைசிப் பகுதியில் கல்யாணம். மாலை மாற்றும் இடம்வரை வாசித்தவள் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

“தொண்டை சரியில்ல. நாளைக்கு முடிச்சுக் குடுக்கறேன் அனுஷா.”

மறுநாள் தொடரை எழுதிய நாகேஷைப் போய்ப் பார்த்தாள். மர்பி டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். பகலில் ஒரு கூரியர் ஆபீசில் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஆபீசுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தார்கள்.

“அண்ணா, சைக்கிள்ல வந்தவரு என்ன ஆனாரு?”

“எந்த சைக்கிள்?” என்றார் நாகேஷ். அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை.

“ஆதித்யா கார்ல அடிச்சிட்டுப் போனானே.”

“ஓ, அதா. ஹீரோவுக்கு மனசுல ஒரு பாரம் வேணும்னு வெச்சேன் தாரணி. அந்தப் பாரத்துலதான அவ கிட்ட நெருங்கறான்.”

“செத்துட்டாரா, பொழைச்சாரா?”

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். “செத்திருப்பாரு.”

“அதைக்கூட நீங்க எழுதல.”

“பாரும்மா, எனக்குப் புரியுது. தப்பு செஞ்சவன் மாட்டணும்னு கேக்கறீங்க. லைஃப்ல எல்லாருமா மாட்டறாங்க? நெஜத்துல எப்படி நடக்குதோ அப்படித்தான எழுத முடியும்?”

“நெஜத்துல எப்படின்னு எனக்குத் தெரியும்ண்ணா” என்றாள் தாரணி. கிஷோரைப் பற்றிச் சொன்னாள். இந்த வேலைக்கு வந்தபின் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. வேறு யாருடைய கதையையோ வாசிப்பதுபோல் நிதானமாகச் சொல்லி முடித்தாள். நாகேஷின் டீ ஆறிப்போயிருந்தது.

“அவன் தப்பிச்சான்னே எழுதுங்க. ஆனா தப்பிச்சான்னு கதைக்காவது தெரியணும் இல்ல? உங்க கதைக்கே தெரியல. அவன் மாலையும் கழுத்துமா நிக்கறான், நான் அதை சந்தோஷமா வாசிக்கணும். அவனுக்கு ஒண்ணும் ஆகலன்னா, ரோட்டுல கெடந்தவருக்கும் ஒண்ணுமே ஆகலன்னு ஆயிடுது. அப்படி ஒரு ஆளே இல்லன்னு ஆயிடுது.”

நாகேஷ் ஆறிய டீயை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, “உங்க வீட்டுக்காரரு பேரை வெக்கட்டுமா?” என்று தயங்கிக் கேட்டார்.

“வேணாம்ண்ணா. அவரு அதுல வேணாம். இவருக்குன்னு ஒரு பேரு குடுங்க.”

இரண்டு நாளில் புதிய முடிவு வந்தது. அனுஷா அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். “லிஸனர்ஸ் எல்லாம் ஆதித்யா மேல உயிரா இருக்காங்க நாகேஷ். நம்பர்ஸ் விழுந்தா நெக்ஸ்ட் சீசன் இல்ல, கொத்தா, தெரியுமா?” என்று போனில் கேட்டாள். தெரியும் என்று மட்டும் அவர் சொன்னார் போலிருக்கிறது. வெளியிடும் தேதி நெருங்கிவிட்டதால் அவளும் விட்டுவிட்டாள்.

புதிய முடிவில் சைக்கிளில் வந்தவனுக்கு முனியப்பன் என்று பெயர். ஒக்கலிபுரத்தில் ஒரு அச்சகத்தில் வேலை செய்தவன். கல்யாணத்துக்கு முந்தின நாள் ஆதித்யா அவன் வீட்டைத் தேடிப் போகிறான். முனியப்பனின் மனைவி காந்தா கதவைத் திறக்கிறாள். அந்தக் காரை ஓட்டியது நான்தான் என்கிறான் ஆதித்யா. அவள் திட்டவில்லை, மன்னிக்கவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறாள்: “நீ போனப்ப அவருக்கு உசுரு இருந்துச்சா?”

“நான் பாக்கல” என்கிறான் அவன். அங்கிருந்து ஸ்டேஷனுக்குப் போகிறான். கல்யாணம் நடக்கவில்லை.

காந்தா கேட்ட அந்தக் கேள்வியைத் தாரணி நாகேஷிடம் சொல்லியிருக்கவில்லை. யாரிடமும் கேட்டதும் இல்லை. கோர்ட் வராந்தாக்களில் அது அவள் தொண்டையிலேயே நின்றிருந்தது, கேட்க வேண்டியவன் அங்கே வரவே இல்லை என்பதால். அந்த அறையில், எதிரே ஆளில்லாத மைக்கைப் பார்த்து அதைக் கேட்டாள். இந்த முறை குரல் நடுங்கவில்லை. அனுஷா கண்ணாடிக்கு அப்பால் தலையைக் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலை உயர்த்தவில்லை.

அனுஷா பயந்ததுதான் நடந்தது. ஆதித்யாவை ஏன் ஜெயிலுக்கு அனுப்பினீர்கள், கடைசியில் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டீர்கள் என்று தொடரைக் கேட்டவர்கள் எழுதித் தீர்த்தார்கள். அடுத்த சீசன் கிடையாது என்று ஆனது. நாகேஷுக்குப் பேய்க்கதை ஒன்று எழுதச் சொல்லி வந்தது, ஒப்புக்கொண்டார். தாரணிக்குச் சமையல் குறிப்புகள் வாசிக்கும் வேலை கிடைத்தது. கிஷோரை இடித்தவன் இதே ஊரில் எங்கேயோ கார் ஓட்டிக்கொண்டுதான் இருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கட்டிலில் உட்கார்ந்து, தொடருக்குக் கீழே வந்திருந்த கருத்துகளைப் படித்துக்கொண்டு வந்தாள். கோபங்களுக்கு நடுவே யாரோ ஒருவர், படம்கூட வைத்துக்கொள்ளாத யாரோ, எழுதியிருந்தார்: ‘காந்தா அப்புறம் என்ன ஆனாங்க? தனியாவா இருக்காங்க?’

தாரணி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அவளிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. பதில் எழுத விரலை வைத்தாள். ‘ஆமாம்’ என்று எழுதினாள். அந்த ஒரு சொல்லையே அனுப்பினாள்.

“தாரணி, நீரு பந்த்து” என்று கீழிருந்து வீட்டுக்காரம்மா சந்திரம்மா குரல் கொடுத்தார். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. கைப்பேசியைக் கட்டிலில் வைத்துவிட்டு, பக்கெட்டை எடுத்துக்கொண்டு அவள் படியிறங்கிப் போனாள்.